கடைசி வரிசைப் பொட்டு

யாரைக் கூப்பிட்டீங்க? வாட்ச்மேனா? இங்க வாட்ச்மேன்னு யாரும் இல்ல பாய். செக்யூரிட்டி ஆளுங்க இருந்தாங்க, செலவு செலவுன்னு சொல்லி போன மாசம் நிறுத்திட்டாங்க. நான் பூவலிங்கம். இந்த டேட்டா சென்டருக்கு மேனேஜர். நாற்காலி வாசல் கேட்டுப் பக்கத்துல கிடக்குன்னா, உள்ள ஏசியை நிறுத்தியாச்சு, புழுங்குது, நிழல் இங்கதான் விழுது, அதனால கிடக்கு. சாவிக்கொத்து இடுப்புல தொங்குதுன்னா எல்லாச் சாவியும் என் பொறுப்பு, அதனால தொங்குது. பாத்த உடனே ஆளை எடை போடக்கூடாது. நீங்க இரும்பை எடை போடுறதோட நிறுத்திக்கிடணும்.

கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து சரின்னு சொன்னாத்தான் உங்களை உள்ள விட முடியும். அவரு சொன்ன நேரத்துக்கு வர்ற ஆள் இல்ல. அவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த அம்பத்தூர் எஸ்டேட்ல ஒருத்தருக்கும் தெரியாது. நந்தகோபால்னு பேரு. அவரை இங்கேர்ந்து கிளப்பினதே நான்தான். ஆமா, நான்தான். என்ன அப்படிப் பாக்குறீங்க?

நீங்க புதுப்பேட்டை பழைய இரும்புக் கடையிலேர்ந்து வர்றீங்க, உங்களுக்கு இது ரேக்கு, பேட்டரி, செம்புக் கம்பி, ஏசி பெட்டி. ஒரு காலத்துல இது என்னவா இருந்துச்சுன்னு தெரியுமா? எங்களுது பார்சல் கம்பெனி. நாலு மாநிலத்துல எந்த ஊர்ல எந்த மூட்டை எந்த லாரியில போகுதுன்னு சொல்ற கம்ப்யூட்டர் எல்லாம் இந்த ஹால்ல, அந்த இரும்பு ரேக்குல, வரிசை வரிசையா நின்னுச்சு. பில் போடுற மெஷின், சம்பளம் போடுற மெஷின், எல்லாம் இங்கதான். கரண்ட் போனா கம்பெனியே நிக்கும். போனதில்ல. நான் இருந்த வரைக்கும் போனதில்ல.

இந்த நந்தகோபால் ஒரு டிபார்ட்மெண்டுக்குத் தலைவர். நாளைக்கு எந்த ஊர்லேர்ந்து எவ்வளவு பார்சல் வரும்னு இன்னைக்கே கம்ப்யூட்டரை வச்சுச் சொல்ற டிபார்ட்மெண்ட். ஜோசியம்தான், வேற என்ன? ஆனா கோட்டு போட்டுக்கிட்டுச் சொல்ற ஜோசியம். டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்ச ஆள்.

ஒரு தடவை வெளிநாட்டுக்காரங்க பாக்க வந்தாங்க. டைரக்டர், நந்தகோபால், இன்னும் நாலஞ்சு பெரிய ஆளுங்க. நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டு ஹால் வாசல்ல நிக்கேன். வந்ததுல ஒரு அம்மா கேட்டாங்க, இதையெல்லாம் யார் பாத்துக்கிறாங்கன்னு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள இந்த மனுஷன் இங்கிலீஷ்ல சொல்றார், இவர்தான் எங்க வாட்ச்மேன், மெஷினையெல்லாம் இவர்தான் வாட்ச் பண்றார்னு. எல்லாரும் சிரிச்சாங்க. டைரக்டரும் சிரிச்சார். அந்த அம்மா பாவம், நெசம்னு நினைச்சுக்கிட்டு ரொம்பப் பரிவா என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க.

அதோட விட்டுதா? அன்னையிலேர்ந்து ஆபீஸ்ல எனக்கு அதான் பேரு. வாட்ச்மேன் சார். மரியாதையா ஒரு சார் வேற. மாடியிலேர்ந்து போன் வரும், வாட்ச்மேன் சார், ஒரு மெஷின் ஆன் பண்ணணும்னு. கேன்டீன்ல டோக்கன் கொடுக்கிறவன் வரைக்கும் வாட்ச்மேன் சார். நானும் சிரிச்சுக்கிட்டேன். சிரிக்காம என்ன செய்ய?

குடும்ப விழான்னு ஒண்ணு வைப்பாங்க வருஷா வருஷம். என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போனேன். நந்தகோபால் பொண்ணு, சின்னது, ஓடி வந்து என்னைப் பாத்துக் கேக்குது, நீங்கதான் வாட்ச்மேன் அங்கிளான்னு. அப்பன் வீட்ல சொல்லாமலா அது கேக்கும்? என் வீட்டுக்காரி என்னைப் பாத்தா. ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு வந்து சேலை மாத்திட்டு தோசை ஊத்தினா, வச்சா, ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா தமாஷுக்குச் சொல்றாங்கன்னு சொல்லியிருப்பேன். இன்னைய வரைக்கும் கேக்கல பாய். அன்னைக்குத் தோசையைப் பிச்சுக்கிட்டே நான் முடிவு பண்ணிட்டேன், இந்த ஆளை நாலு பேர் முன்னாடி தலை குனிய வைக்காம விடுறதில்லன்னு.

வருஷம் ஓடிச்சு. நான் மறக்கல. எனக்கு மறதி கொஞ்சம் கம்மி.

அப்புறம் கம்பெனிக்குப் புதுசா ஒரு கணக்கு யோசனை வந்துச்சு. அதுவரைக்கும் இந்த ஹாலுக்கு ஆகிற கரண்ட், டீசல், ஏசி பராமரிப்பு, கட்டட வரி எல்லாம் பொதுச் செலவு. யாரும் கேட்டதில்ல. இனிமே அப்படிக் கிடையாது, எந்த டிபார்ட்மெண்ட் எவ்வளவு இழுக்குதோ அவங்க தலையில அவ்வளவு விழணும்னுட்டாங்க. அதுக்கு ஒரு பட்டியல் வேணும்ல? எந்த ரேக்கு, எந்த மெஷின், எவ்வளவு கரண்ட் தின்னுது, யாருது. இதை யார் சொல்ல முடியும்? நான்தான் சொல்ல முடியும்.

கணக்கு டிபார்ட்மெண்ட்லேர்ந்து ஜெசிந்தான்னு ஒரு பொண்ணை அனுப்பினாங்க. நல்ல பொண்ணு, வேலையில கெட்டி. நானும் அதுவும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஹால்ல வரிசை வரிசையா நடந்தோம். கரண்டை மீட்டர் சொல்லிரும். இடத்தைக் கண்ணு சொல்லிரும். யாருதுங்கிறதைத்தான் எதுவும் சொல்லாது. முக்கால்வாசி தெரியும். கடைசி வரிசை இருக்கு பாருங்க, சுவரோட ஒட்டினது, அங்க நின்ன மெஷின் எல்லாம் பழசு. வாங்கினவன் ரிட்டயர்டு, வச்சவன் துபாய்ல. என்ன பண்ணுதுன்னே தெரியாது, ஆனா பச்சை லைட்டு எரியும், கரண்டைக் குடிக்கும், சூடாக் காத்தைத் தள்ளும். நிறுத்துறதுக்கும் பயம். எது நின்னா எது விழும்னு யாருக்குத் தெரியும்?

எல்லாத் தலைவருக்கும் மெயில் போட்டேன். கடைசி வரிசையில உங்க மெஷின் எதுன்னு சொல்லுங்க, சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சதை வச்சு எழுதிருவேன்னு. மத்தவங்க எல்லாம் பதறியடிச்சு இல்ல இல்ல எங்களுது இல்லன்னு பதில் போட்டாங்க. நந்தகோபால் போடல. திரும்பப் போட்டேன். போடல. வாட்ச்மேன் மெயிலை யார் படிப்பா? எனக்கு அப்ப கோவம் வரல பாய். சந்தோஷமா இருந்துச்சு. படிச்சுருவாரோன்னுதான் பயமா இருந்துச்சு.

ஜெசிந்தா சொல்லிச்சு, சார், சும்மா எழுத முடியாது, எதை வச்சு அவருதுன்னு சொல்றீங்கன்னு பக்கத்துல ஒரு வரி ஆதாரம் போடணும்னு. ஆதாரம்தானே? இருக்குன்னேன்.

ஆயுத பூஜைக்கு எங்க ஹால்ல ஒரு முறை உண்டு. கற்பூரம் கூடாது, ஊதுபத்தி கூடாது. புகை பட்டா அலாரம் அடிச்சு நெருப்பணைக்கிற வாயு இறங்கிரும், உள்ள இருக்கிறவன் கதி அதோகதி. பூசணிக்காயைக் கேட்டுக்கு வெளிய உடைச்சுக்கிடணும். உள்ள வெறும் சந்தனம் குங்குமம் மட்டும். ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் தட்டோட வந்து, அவங்கவங்க ரேக்குக்கு அவங்கவங்களே பொட்டு வைப்பாங்க. அடுத்தவன் ரேக்குல வைக்க மாட்டாங்க. வச்சா சண்டை வரும். ஒரு தடவை சம்பளத்துக்காரங்க தெரியாம பில்லிங் ரேக்குல வச்சுட்டாங்க, பில்லிங் தலைவர் கோமதிநாயகம் ஒரு வாரம் மூஞ்சி கொடுத்துப் பேசல. அவ்வளவு கண்டிப்பு.

டைரக்டர் பூஜைக்கு வந்த வருஷம், நந்தகோபால் தட்டைத் தூக்கிட்டார். டைரக்டர் பின்னாடியே வர்றார், போட்டோ எடுக்கிறவன் முன்னாடியே போறான். நம்மாளுக்கு நிறுத்த மனசு வரல. அவர் ரேக்கு முடிஞ்சும் பொட்டு வச்சுக்கிட்டே போறார். கடைசி வரிசை முழுக்க, தேடுவாரத்துக் கிடந்த அத்தனை ரேக்குக்கும் பட்டை பட்டையா சந்தனம். நான் கேட்டேன், சார், இதெல்லாம் யாருதுன்னே தெரியாதேன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னார், எல்லாம் நம்ம மெஷின்தானே வாட்ச்மேன் சார்னு.

நம்ம மெஷின். அவர் வாயாலே சொன்னது. போட்டோ ரிசப்ஷன் சுவத்துல மாட்டியிருக்கு. குங்குமம் ரேக்குல காஞ்சு போய் அப்படியே ஒட்டியிருக்கு. இதை விட என்ன ஆதாரம் வேணும்?

ஜெசிந்தா முதல்ல சிரிச்சுச்சு. அப்புறம் நான் சிரிக்கலன்னு பாத்துட்டு நிறுத்திருச்சு. சார், ஆயுத பூஜைப் பொட்டுன்னு கணக்குல எழுத முடியாது சார்னுச்சு. சரி, நீயே நல்ல இங்கிலீஷ்ல ஏதாவது போடும்மான்னேன். அதுக்கு மனசில்ல. நானே போட்டேன். ரேக்கின் மீது காணப்படும் நேரடி அடையாளம். இங்கிலீஷ்ல எழுதினா எவ்வளவு கம்பீரமா இருக்கு தெரியுமா? ஒருத்தன் கேக்கல. ஒரு வார்த்தை பொய் இல்ல பாத்துக்கிடுங்க. அடையாளம் இருந்துச்சா இல்லையா?

அன்னைக்குக் கேன்டீன்ல அந்தப் பொண்ணு டீயைக் குடிக்காமயே உக்காந்திருந்துச்சு. சார், அந்தக் கடைசி வரிசையை ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்து, வேண்டாததைத் தூக்கிட்டா செலவு மொத்தமே குறையும், அதுக்குத்தான் சார் இந்தப் பட்டியலே கேட்டாங்க, இன்னொருத்தர் தலையில தூக்கி வச்சா மொத்தம் அப்படியேதான் சார் இருக்கும்னுச்சு. நான் சொன்னேன், எனக்கு மொத்தம் வேண்டாம்மா, எனக்கு அந்த ஆள் போதும்னு. அதுக்கப்புறம் அது என்கிட்ட அதிகம் பேசல. சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? அதை யாரும் வெளிநாட்டுக்காரங்க முன்னாடி வாட்ச்மேன்னு சொல்லல.

மீட்டிங் நாளைச் சொல்றேன் கேளுங்க. இதைச் சொல்லத்தான் உங்களை உக்கார வச்சேன்.

பெரிய திரையில பட்டியல் ஓடுது. எந்த டிபார்ட்மெண்ட் எவ்வளவுன்னு கட்டம் கட்டமா நிக்குது. நந்தகோபால் கட்டம் மட்டும் உத்தரத்தைத் தொடுது. ஹால் செலவுல பாதி அவர் தலையில. டைரக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார், என்னப்பா இது, இவ்வளவு தின்னுட்டு என்னத்த கண்டுபிடிச்சுச் சொல்றீங்கன்னு. நந்தகோபால் எந்திரிச்சு, சார், கடைசி வரிசை எங்களுது இல்லன்னார். நான் எந்திரிச்சுப் போய் ரிசப்ஷன் சுவத்துல இருந்த போட்டோவைக் கழட்டிட்டு வந்து மேசை மேல வச்சேன்.

முதல்ல கோமதிநாயகம் சிரிச்சார். அப்புறம் எல்லாரும். டைரக்டர் சிரிச்சுக்கிட்டே, நீங்களே பொட்டு வச்சிருக்கீங்களேப்பா, தாலி கட்டாத குறைதான்னார். நந்தகோபால் மூஞ்சி எப்படிச் சிவந்துச்சு தெரியுமா? அந்தக் குங்குமத்துக்குப் போட்டியா சிவந்துச்சு. எனக்குப் பட்டாசு வெடிச்ச மாதிரி இருந்துச்சு பாய். வீட்டுக்குப் போறப்ப அல்வா வாங்கிட்டுப் போனேன். என்ன விசேஷம்னு வீட்டுக்காரி கேட்டா. சும்மா, தோணுச்சுன்னேன்.

மெஷின் எங்களுது இல்லன்னு அவர் சண்டை போடுவார், இழுத்தடிப்பார், நானும் இன்னும் நாலு தடவை போட்டோவைக் கழட்டலாம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சண்டையே போடல. கொஞ்ச நாள்ல அவர் டிபார்ட்மெண்ட் மெஷின் எல்லாத்தையும் காலி பண்ணிட்டு, வெளிய வாடகைக்கு விடுறாங்கல்ல கம்ப்யூட்டர், கிளவுடுன்னு, அங்க போயிட்டார். இங்க எங்க பங்கு இவ்வளவுன்னு பட்டியலே சொல்லுது, அங்க அதுல கால்வாசிதான்னு டைரக்டர்கிட்ட காட்டினாராம். கிளம்புறன்னைக்கு ஹாலுக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார், ரொம்ப நன்றி, ரெண்டு வருஷமா வெளிய போகணும்னு கேட்டுக்கிட்டிருந்தேன், உங்க பட்டியல் வந்ததாலதான் விட்டாங்கன்னு. எரிச்சலை மறைக்கத்தான் அப்படிச் சொன்னார். தோத்தவன் வேற எப்படிச் சொல்வான்?

போகட்டும். போனார். நான் ஜெயிச்சேன். அதோட முடிஞ்சிருக்கணும்.

ஆனா மத்தவங்க ஒரு மாதிரி நடந்துக்கிட்டாங்க. அடுத்த பட்டியல் வந்ததும் கோமதிநாயகம் என் ரூமுக்கே வந்து சத்தம் போட்டார். நான் ஒரு மெஷின் கூடுதலா வைக்கல, என் பங்கு எப்படிய்யா ஏறுச்சுன்னார். ஏறத்தானே செய்யும்? ஏசி அதே ஏசி, வரி அதே வரி, டீசல் அதே டீசல். கடைசி வரிசை வேற, அதுக்குப் பொட்டு வச்சவர் போயிட்டதால பொதுவுக்கு வந்துருச்சு. இருக்கிறவங்கதானே பிரிச்சுக்கணும்? விளக்கமாச் சொன்னேன். அவரும் கிளவுடுக்குப் போயிட்டார். அவர் போனதும் சம்பளத்துக்காரங்க பங்கு ஏறிச்சு, அவங்களும் போனாங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, பந்தி முடிஞ்ச மாதிரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் பகைச்சது அந்த ஒரு ஆளை. இவங்களுக்கு என்ன கோவம்னு எனக்கு இன்னைக்கும் புரியல.

கடைசியா வந்த பட்டியலைப் பாத்திருக்கணும் நீங்க. ஒரே கட்டம். முழு ஹாலும் ஒரே பேர்ல. டேட்டா சென்டர், பொறுப்பு பூவலிங்கம். ஜெசிந்தாதான் கொண்டாந்து கொடுத்துச்சு. கொடுத்துட்டு, வர்றேன் சார்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருச்சு. எனக்கென்னவோ அந்தக் காகிதத்தைப் பாக்க ஒரு பக்கம் கெத்தாத்தான் இருந்துச்சு. இத்தனை வருஷத்துல இந்த ஹாலை என் பேரைப் போட்டு யாரும் எழுதினதில்ல.

அதுக்கு அடுத்த வாரமே ஹாலை மூடணும்னு உத்தரவு வந்துருச்சு. என்கிட்ட வேலை பாத்த பயலுக எல்லாம் வேற வேற இடத்துக்குப் போயிட்டாங்க. பாண்டித்துரைன்னு ஒருத்தன், யுபிஎஸ் பாக்குறவன், இப்ப ஆவடியில செல்போன் கடை வச்சிருக்கான். போன் போட்டா எடுக்கிறதில்ல, கடையில கூட்டம் போல. என்னை மட்டும் நிப்பாட்டல. ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம் இருக்குல்ல, கட்டடம் விக்கிற வரைக்கும் பாத்துக்கங்கன்னுட்டாங்க. போஸ்ட்டு பேரு சைட் கஸ்டோடியன். சாதாரண வார்த்தை இல்ல. வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், புரோமோஷன் மாதிரிதான்னு. அவ ஒண்ணும் கேக்கல.

நந்தகோபாலா? அவருக்கென்ன. முதல்ல கிளவுடுக்குப் போனவர்னு கேடயம் கொடுத்தாங்க. தென்னிந்தியா முழுக்க இந்த மாதிரி ஹாலை எல்லாம் மூடுற வேலைக்கு இப்ப அவர்தான் தலைவர். உங்களுக்கு விலை பேசப்போறதும் அவர்தான். ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க. என் பட்டியல் இல்லேன்னா அவர் இந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டார். அதை நினைச்சா எனக்கு... சரி விடுங்க.

கடைசி வரிசை ரேக்கை மட்டும் நீங்க தூக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன். நான் துடைக்காம வச்சிருக்கேன். பொட்டு இன்னும் அப்படியே இருக்கு. அவர் வந்ததும் அங்கதான் முதல்ல கூட்டிட்டுப் போவேன். காட்டுவேன். அந்த மூஞ்சி இன்னொரு தடவை சிவக்கணும். அதைப் பாத்துட்டேன்னா போதும், நாளைக்கே கட்டடத்தை வித்துக்கட்டும்.

ஹார்ன் கேக்குதா? எந்தப் பக்கம்? எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அந்த ஹால் இரைச்சல்ல நின்னு நின்னு. வெள்ளைக் காரா? அவர்தான். எந்திரிக்காதீங்க, உக்காருங்க. அடிக்கட்டும். நான் எந்திரிச்சாத்தான் அந்த வண்டி உள்ள வர முடியும், அவருக்கே அது தெரியும். எத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தேன் இதுக்கு. கொஞ்சம் வெயில்ல நிக்கட்டும்.

டிரைவர் தலையை வெளிய நீட்டி என்னமோ சொல்றானே. என்ன சொல்றான்? உங்களுக்குக் கேட்டிருக்குமே. சொல்லுங்க பாய், ஏன் தயங்குறீங்க? வாட்ச்மேன், கேட்டைத் திறன்னா? அவன் புது ஆள், அவனுக்கு என்ன தெரியும். பின்னாடி உக்காந்திருக்கார் பாருங்க, அவர் என்னைப் பாத்துட்டார்னா போதும். பாக்கட்டும். அவர் நிமிந்து என்னைப் பாக்குற வரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்ல.

போன் பேசுறார்.

இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கார்.

பாத்தாரா இப்ப? இல்ல, வாட்சைப் பாக்குறார்.

சரி, கொஞ்சம் நகருங்க பாய். கேட்டு உள்பக்கமாத் திறக்கும், என் நாற்காலியை எடுத்து ஓரமாப் போடணும்.